பவரைக் குறையுங்கள், சேனலைச் சுருக்குங்கள்: விடுதி வைஃபை பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

“டவர் முழுசா காட்டுது, ஆனா நெட் வரல.” கல்லூரி விடுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு, திருமண மண்டபம், நூலகம் என எங்கே போனாலும் வைஃபை பற்றிக் காதில் விழும் புகார் இதுதான். இதற்கு நிர்வாகங்கள் கண்டுபிடிக்கும் மருந்து இரண்டு. இணைய இணைப்பை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு உயர்த்துவது ஒன்று. வைஃபை சிக்னலை அனுப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்ட் இன்னும் நான்கு வாங்கி மாட்டுவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் பலன் தருவதில்லை. இரண்டாவது பல கட்டடங்களில் நிலைமையை இன்னும் கெடுத்துவிடுகிறது. கோளாறு இருப்பது ஆக்சஸ் பாயிண்டின் ‘ரேடியோ’ அல்லது ‘அட்வான்ஸ்டு வயர்லெஸ்’ என்ற பக்கத்தில். மாட்ட வருகிறவர் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுகிறார். அந்தப் பக்கம் தொழிற்சாலையில் வைத்த வாக்கிலேயே கிடக்கிறது. அங்கே எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை விடுதிக் காப்பாளர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் தெரிந்துகொண்டால், பணம் செலவழிக்காமலேயே பாதிப் புகார் தீரும். அதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க.

முதலில் ஒரு அடிப்படை. வைஃபையில் ஒரு சேனலில் (அலைவரிசைத் தடத்தில்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆக்சஸ் பாயிண்ட் ஆனாலும் செல்பேசி ஆனாலும், காற்று அமைதியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பத் தொடங்கும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். எனவே அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது நேரத்தை. மெதுவாகப் பேசுகிறவர் ஒருவர் இருந்தால் மற்ற எல்லோருடைய நேரத்தையும் அவர் சாப்பிட்டுவிடுவார். 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 12 மில்லி வினாடி ஆகும். அதையே 100 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் 0.12 மில்லி வினாடி. கட்டட மூலையில் சிக்னல் கிடைக்காமல் 1 எம்பிபிஎஸ்ஸில் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு செல்பேசி, ஏறக்குறைய நூறு பேருக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

அந்தக் காற்றிலும் இடம் அளவானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005 ஜனவரியில் உரிமம் தேவைப்படாததாக அறிவிக்கப்பட்டது. 2400 முதல் 2483.5 வரை, மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5875 வரை என 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. ஏழு மடங்குக்கும் மேல். ஆனாலும் நம் கட்டடங்களில் பாதிக் கருவிகள் இன்னும் அந்தக் குறுகலான 2.4 சந்துக்குள்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். நான்கு தளம். தளத்துக்கு நாற்பது மீட்டர் நீளத்தில் ஒரு நடைகூடம், இருபுறமும் பத்துப் பத்து அறைகள். தளத்துக்கு மூன்று வீதம் 12 ஆக்சஸ் பாயிண்ட். வயர் இழுக்கச் சுலபம் என்று மூன்றையும் நடைகூடக் கூரையிலேயே ஒரே வரிசையில் மாட்டியிருப்பார்கள். இப்போது பாருங்கள்: மூன்று ஆக்சஸ் பாயிண்டுகளும் ஒன்றையொன்று எந்தத் தடையும் இல்லாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றை நம்பியிருக்கும் மாணவரோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குப் பின்னால், இரும்புக் கட்டிலில், தலைமாட்டில் ஓர் இரும்பு பீரோவுடன் இருக்கிறார். ஆக்சஸ் பாயிண்டின் காதில் மாணவரின் செல்பேசியைவிடப் பக்கத்து ஆக்சஸ் பாயிண்ட்தான் உரக்க விழும். பக்கத்துக்காரர் பேசும்போதெல்லாம் இது வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். இந்த அமைப்பில் பெட்டிகளைக் கூட்டக் கூட்டக் காத்திருப்புதான் கூடும்.

இதில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் ‘மினிமம் டேட்டா ரேட்’. சில கருவிகளில் இதை ‘பேசிக் ரேட்’ என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் தான் ஒலிபரப்பும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வினாடிக்கு ஏறத்தாழ பத்து முறை ‘பீக்கன்’ என்ற அறிவிப்பை விடும். இதை அனுப்புவது அனுமதிக்கப்பட்டதிலேயே மிகக் குறைந்த வேகத்தில். தொழிற்சாலை அமைப்பில் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 எம்பிபிஎஸ், அதாவது 1997இல் வந்த முதல் தரத்தின் வேகம். பீக்கன் 300 பைட் என்று வைத்துக்கொண்டால், அதற்கு முன்னால் போகும் தொடக்கச் சைகையும் சேர்த்து ஒன்றுக்கு 2.6 மில்லி வினாடி. பத்து முறைக்கு வினாடியில் 2.5 விழுக்காடு நேரம் போய்விடும். அந்த விடுதியில் மாணவர், அலுவலர், விருந்தினர், கேமரா என நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஒரே சேனலில் நான்கு ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால், 16 பெயருக்கு 40 விழுக்காடு நேரம். ஒரு மாணவரும் ஒரு பக்கத்தையும் திறக்காத நிலையில், வெறும் அறிவிப்புக்கே இவ்வளவு. குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்கினால் அதே 16 பெயருக்கும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை விழுக்காட்டில் முடிந்துவிடும். நான்கு பெயரை இரண்டாகக் குறைத்தால் அதிலும் பாதி. விருந்தினருக்கென்று தனிப் பெயர் வைப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

குறைந்த வேகங்களை நீக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1, 2, 5.5, 11 ஆகிய நான்கும் பழைய 802.11பி தரத்துக்கு உரியவை. பழைய வருகைப்பதிவுக் கருவி, அட்டை தேய்க்கும் கருவி, மலிவு விலை ஸ்மார்ட் பல்பு ஆகியவற்றில் சில இவை இல்லாவிட்டால் இணையவே மாட்டா. அப்படி ஒன்று இருந்தால் அதற்காகக் கட்டடம் முழுவதையும் பழைய வேகத்தில் வைக்கக் கூடாது. அது இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஓர் ஆக்சஸ் பாயிண்டின் 2.4 ரேடியோவில் (பெட்டிக்குள் 2.4க்கு ஒன்று, 5க்கு ஒன்று எனத் தனித்தனி ரேடியோ உண்டு) மட்டும் பழைய வேகத்தை விட்டுவைத்து, மற்றவற்றில் முதலில் 6, ஒரு வாரம் பார்த்துவிட்டு 12 என்று உயர்த்துவது பாதுகாப்பானது. 5 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே தொடக்க வேகமே 6. நேரே 12 வைக்கலாம்.

அடுத்தது சேனல். 2.4இல் இந்தியாவில் 1 முதல் 13 வரை எண் இருக்கிறது. ஆனால் எண்ணுக்கு எண் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு சேனல் எடுத்துக்கொள்ளும் அகலமோ 20. எனவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. “1, 6, 11 எல்லாம் கூட்டமாக இருக்கிறது, 3 காலியாக இருக்கிறது” என்று அதில் கொண்டுபோய் வைப்பவர்கள் நிறைய. இதைப்போல் கெடுதல் வேறில்லை. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதால் முறை வைத்துப் பேசிக்கொள்வார்கள். 3இல் இருப்பவர் பேச்சு 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் புரியாது. கோயில் திருவிழாவில் அடுத்தடுத்த இரண்டு பந்தலில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டினால் எது எப்படிக் கேட்குமோ அப்படித்தான்; இரண்டு பந்தலிலும் இருப்பவர்களுக்கு எதுவும் விளங்காது. கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11இலேயே ஒன்றைப் பங்கிட்டுக்கொள்வதே நல்லது. 12, 13 வேண்டாம். அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான மடிக்கணினிகளிலும் செல்பேசிகளிலும் சில அவற்றைப் பார்க்கவே பார்க்காது.

மூன்றே சேனல் என்றால் 12 ஆக்சஸ் பாயிண்டுக்கு எப்படிப் பங்கிடுவது? பங்கிட வேண்டாம். அவற்றில் ஏழெட்டில் 2.4 ரேடியோவையே அணைத்துவிட வேண்டும். நான்கைந்தில் மட்டும் விட்டுவைத்தால் போதும்; 2.4 சுவரைத் தாண்டி எட்டும். ஆக்சஸ் பாயிண்டை வாங்கிவிட்டு ரேடியோவை அணைப்பதா என்று கணக்குப்பிரிவு கேட்கும். கேட்கட்டும். அணைத்த பிறகு, சேனல் நூற்றில் எத்தனை பங்கு நேரம் பேச்சில் இருக்கிறது என்று காட்டும் ‘சேனல் யுடிலைசேஷன்’ என்ற பத்தியைத் திறந்து காட்டுங்கள். எண்பதில் நின்றது நாற்பதுக்குக் கீழே வந்திருந்தால் அதுவே பதில்.

சேனல் அகலம் என்பதுதான் விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் வருவது. 20, 40, 80, 160 மெகாஹெர்ட்ஸ். அகலத்தை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகும் என்பது உண்மை. இரண்டு ஆன்டெனா கொண்ட, ‘வைஃபை 5’ தலைமுறைச் செல்பேசிக்கு 20இல் 173, 40இல் 400, 80இல் 867 எம்பிபிஎஸ் என்று இணைப்பு வேகம் காட்டும். ஆனால் அகலம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ரேடியோ வாங்கிக்கொள்ளும் இரைச்சலும் 3 டெசிபல் கூடுகிறது; சுவருக்குப் பின்னால் இருப்பவருக்கு அதுவே இணைப்பை அறுத்துவிடப் போதும். அதைவிட முக்கியம், சேனல்களின் எண்ணிக்கை பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போவது. 5 கிகாஹெர்ட்ஸில் 40 வைத்தால் 12 தனித்தனி இடங்கள். நம் விடுதியின் 12 ஆக்சஸ் பாயிண்டுக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். 80 வைத்தால் ஆறுதான். அந்த விடுதிக்கு வரும் இணைய இணைப்பே 300 எம்பிபிஎஸ் என்றால், 867 காட்டுவதால் யாருக்கு என்ன லாபம்? நெருக்கமான கட்டடத்தில் 5க்கு 40, மிகவும் நெருக்கம் என்றால் 20. தனி வீட்டில், அக்கம்பக்கத்து வைஃபை கேட்காத இடத்தில், 80 வைத்துக்கொள்ளலாம். 2.4இல் எங்கேயும், எப்போதும், 20 மட்டுமே. ‘20/40 ஆட்டோ’ என்று இருந்தால் அதையும் 20க்கு மாற்றிவிடுங்கள். இருக்கும் மூன்று இடத்தில் இரண்டை ஒருவரே பிடித்துக்கொள்வது பக்கத்து வீட்டுக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது பவர். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். டிரான்ஸ்மிட் பவர் ‘ஹை’ என்று இருப்பதைக் குறைக்க வேண்டும். பவரை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள்; 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். மூன்று குறைந்தால் பாதி: 17 என்றால் 50, 14 என்றால் 25. ஆக்சஸ் பாயிண்ட் 23, 26 என்று கத்த முடியும்; செல்பேசி பேட்டரியைக் காப்பாற்ற வேண்டியதால் 15ஐ ஒட்டித்தான் பேசும். செல்பேசித் திரையில் தெரியும் கோடுகள் ஆக்சஸ் பாயிண்ட் சொல்வது செல்பேசிக்குக் கேட்கிறதா என்பதை மட்டுமே காட்டும். செல்பேசி சொல்வது அங்கே போய்ச் சேர்கிறதா என்று காட்டாது. டவர் முழுசாகக் காட்டியும் நெட் வராததற்கு ஒரு பெரிய காரணம் இதுதான்.

இன்னொரு கேடும் உண்டு. எந்த ஆக்சஸ் பாயிண்டோடு சேர்வது, எப்போது விட்டு அடுத்ததற்கு மாறுவது என்று முடிவெடுப்பது செல்பேசிதான். எடுத்துக்காட்டாக, ஐஃபோன் தன்னிடம் இருக்கும் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (பூச்சியத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்) கீழே போன பிறகே வேறு தேடும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் ஆவணத்தில் சொல்கிறது. மூன்று ஆக்சஸ் பாயிண்டும் முழுப் பவரில் இருக்கும் நடைகூடத்தில், வாசலருகே இணைந்த செல்பேசி நாற்பது மீட்டர் தள்ளி மறுமுனைக்கு நடந்து போன பிறகும் மைனஸ் 65 பார்த்துக்கொண்டிருக்கும். தலைக்கு நேர் மேலே இன்னொன்று இருந்தும் அதைத் திரும்பிப் பார்க்காது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அந்தப் பழைய தொடர்பும் தடுமாறும். பவரைக் குறைத்தால் ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டின் வட்டமும் சுருங்கி, செல்பேசி உரிய இடத்தில் மாறும். இத்தகைய விடுதியில் 5க்கு 14 முதல் 17 டிபிஎம் என்று தொடங்கலாம். 2.4ஐ அதற்கும் 6 டெசிபல் கீழே வைக்க வேண்டும். ஒரே பவரில் விட்டால் 2.4 சிக்னல் 5ஐவிட ஏறக்குறைய 7 டெசிபல் பலமாகப் போய்ச் சேரும். செல்பேசியும் பலமானது எதுவோ அதுவே நல்லது என்று நெரிசலுக்குள் போய் விழும். வீட்டில் “எப்போதும் 2.4லேயே மாட்டிக்கொள்கிறது” என்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

பவரைக் குறைத்தால் மூலை அறைக்கு எட்டாதே என்பது நியாயமான கவலை. எட்டாவிட்டால் ஆக்சஸ் பாயிண்டை நடைகூடத்திலிருந்து அறைக்குள் கொண்டுபோக வேண்டும். பவரைக் கூட்டுவது விடையாகாது. ஓர் அறைவிட்டு ஓர் அறை, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டினால் சுவர்களே அவற்றைப் பிரித்து வைக்கும். மேல் தளத்தில் அதே இடத்துக்கு நேர் மேலே வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரைக்கென்று செய்த வட்டத் தட்டு போன்ற ஆக்சஸ் பாயிண்டைச் சுவரில் செங்குத்தாக அறைவதும், இரும்புச் சட்டம் போட்ட பொய்க்கூரைக்கு மேலே ஒளித்து வைப்பதும் தவறு.

பவரைப் பற்றிப் பேசும்போது நாட்டுக் குறியீட்டையும் சொல்லியாக வேண்டும். ‘கன்ட்ரி’ என்ற இடத்தில் இந்தியாதான் இருக்க வேண்டும். வேறு நாட்டை வைத்தால் கூடுதல் பவர் கிடைக்கும் என்று மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2.4இல் நம் விதி அனுப்பியின் வெளியீட்டுக்கு 1 வாட், ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட் என்று வரம்பு கட்டியிருக்கிறது. வேறு நாட்டுக் குறியீட்டை வைப்பது விதிமீறல். அதோடு சில சேனல்கள் காணாமல்போவதும், செல்பேசிகள் நெட்வொர்க்கைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் இலவச இணைப்பு.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களை ரேடாரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெயர் டிஎஃப்எஸ். அந்தச் சேனலை வைத்ததும் ஆக்சஸ் பாயிண்ட் ஒரு நிமிடம் வாயே திறக்காமல் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திரையில் வரவில்லை என்று அதற்குள் மறுபடி மறுபடி ரீபூட் செய்கிறவர்கள் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்களே நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். 60 வினாடி காத்திருங்கள். இயங்கும்போது ரேடார் போன்ற துடிப்பு கேட்டால் 10 வினாடிக்குள் சேனலைக் காலி செய்துவிட்டு, 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பது விதி. ஒரே ஆக்சஸ் பாயிண்டில் எல்லோருக்கும் ஒரே நொடியில் அறுந்து, சில நொடியில் திரும்ப வந்தால், அதன் நிகழ்வுப் பதிவைத் (லாக்) திறந்து ரேடார் என்ற சொல்லைத் தேடுங்கள். வாரத்தில் பலமுறை வந்தால் அந்தச் சேனலை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும். டிஎஃப்எஸ் முழுவதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் 40 அகலத்தில் 36, 44, 149, 157 என நான்கே மிஞ்சும். பழைய டிவி பெட்டியும் மலிவான செல்பேசிகளும் டிஎஃப்எஸ் சேனலைப் பார்க்காமல் இருக்கலாம் என்பதால், பொதுக்கூடம், உணவுக்கூடம் போன்ற இடங்களுக்கு அந்த நான்கில் ஒன்றை ஒதுக்குவது நல்லது.

இனி, தொடக் கூடாதவை. குரல், வீடியோவுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம் என்ற கட்டத்தில் டிக் இருக்கும். எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்று ஒரு பழைய நம்பிக்கை. எடுத்தால் 2009க்குப் பின் வந்த வேகங்கள் அத்தனையும் போய், 54 எம்பிபிஎஸ்ஸில் வந்து நிற்கும். பாதுகாப்பில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையை வைத்தாலும் இதே கதி. புதுக் கருவி, நல்ல சிக்னல், ஆனால் இணைப்பு வேகம் சரியாக 54 என்று காட்டுகிறது என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். குறியாக்கத்தை ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், டபிள்யூஎம்எம்மைப் போடுங்கள். பீக்கன் இன்டர்வெல் 100லேயே இருக்கட்டும். ஆர்டிஎஸ் திரெஷோல்டு 2347, ஃபிராக்மென்டேஷன் 2346 என்று இருப்பதற்குப் பொருள் ‘பயன்படுத்தாதே’ என்பது; அப்படியே விடுங்கள். தூங்கும் செல்பேசிகள் எத்தனை பீக்கனுக்கு ஒரு முறை பொதுச் செய்திக்காக விழிக்க வேண்டும் என்று சொல்லும் டிடிஐஎம் 1 முதல் 3 வரை எதுவானாலும் சரி: 3 வைத்தால் செல்பேசிகள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிப் பேட்டரி மிச்சமாகும், 1 வைத்தால் எல்லோருக்கும் பொதுவாகப் போகும் செய்திகள் உடனுக்குடன் சேரும். ‘டிஸ்டன்ஸ்’ அல்லது ‘ஏசிகே டைம்அவுட்’ மாடிக்கு மாடி ஆன்டெனா வைத்து இணைப்பவர்களுக்கானது. மூன்று கிலோமீட்டர் போய்வர அலைக்கு 20 மைக்ரோ வினாடி ஆகும், அதற்குத் தக்கபடி காத்திருக்கச் சொல்வது. விடுதிக்குள் அதைக் கூட்டினால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வீணாகக் காத்திருக்கும்.

ஓர் ஆக்சஸ் பாயிண்டிலிருந்து அடுத்ததற்கு விரைந்து மாறச் செய்யும் 802.11ஆர், நடந்துகொண்டே வீடியோ அழைப்பில் பேசுபவர்களுக்கு நல்லது. ஆனால் பழைய பிரிண்டர்களும் சில மடிக்கணினிகளும் அதைப் போட்டால் இணைய மறுக்கும். எங்கே மாறலாம் என்று செல்பேசிக்கு வழிகாட்டும் 802.11கே, வி இரண்டும் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அவற்றை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு ஆர் பக்கம் போகலாம். வைஃபை 6 பெட்டியை மாட்டியதும் சில பழைய மடிக்கணினிகளில் நெட்வொர்க்கின் பெயரே தெரியாமல் போகும். பெட்டியில் குற்றம் இல்லை. அந்த மடிக்கணினியின் வைஃபை டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும். பலவீனமான இணைப்பை உதறிவிடும் ‘மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ’ என்ற வசதியை மைனஸ் 80க்கு மேலே இறுக்காதீர்கள். மைனஸ் 70 என்று வைத்துவிட்டு, மூலை அறை மாணவர் இணைவதும் தூக்கியெறியப்படுவதுமாக நாள் முழுக்கத் தவிப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அடுக்குமாடி வீடுகளின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர், ஒவ்வொன்றிலும் சேனல் ‘ஆட்டோ’. வீட்டு ரவுட்டர்களில் பல, சேனலைத் தேர்வது இயக்கம் தொடங்கும் நேரத்தில் மட்டும்தான். மின்தடை நீங்கி மின்சாரம் வந்ததும் முப்பது வீட்டு ரவுட்டரும் ஒரே நேரத்தில் விழிக்கும். அந்த நொடியில் யாரும் இன்னும் பேசத் தொடங்கியிருக்காததால் எல்லாச் சேனலும் காலியாகத் தெரியும். பல ரவுட்டர்கள் ஒரே சேனலில் போய் உட்காரும். அடுத்த மின்தடை வரை அங்கேயே இருக்கும். இன்வெர்ட்டர் இல்லாத கட்டடங்களில் மின்சாரம் வந்த பிறகு நெட் மெதுவாகிவிட்டது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தீர்வு சங்கக் கூட்டத்தில் பத்து நிமிட வேலை. தளத்துக்கு நான்கு வீடு என்றால் தரைத்தளத்தில் வரிசையாக 1, 6, 11, 1. முதல் தளத்தில் 6, 11, 1, 6. இரண்டாவதில் 11, 1, 6, 11. மூன்றாவதில் மறுபடி முதலிலிருந்து. இப்படி வைத்தால் பக்கத்து வீடும் நேர் மேல்வீடும் கீழ்வீடும் ஒரே சேனலில் வராது. எல்லோரும் 2.4இல் அகலம் 20, பவர் நடுத்தரம். ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் உள்ள முகவரியை உலாவியில் அடித்து உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். இணைய நிறுவனம் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் அவர்களை அழைத்து, சேனல் எண்ணைச் சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரவுட்டருக்கு ஒட்டினாற்போல் யுஎஸ்பி 3 ஹார்டுடிஸ்க்கை வைக்காதீர்கள், அதன் வயரே 2.4இல் இரைச்சலைக் கக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே வேலை செய்கிறது. சமையலறையை ஒட்டிய அறையில் 2.4ஐ நம்ப வேண்டாம்.

கடைசியாக, அரசுத் துறைகளும் கல்வி நிறுவனங்களும் விடும் ஒப்பந்தப்புள்ளிகளைப் பற்றி. அவற்றில் எத்தனை ஆக்சஸ் பாயிண்ட், என்ன தரம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். ரேடியோ எப்படி அமைக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டுக்கும் சேனல், அகலம், இரண்டு ரேடியோவின் பவர், குறைந்தபட்ச வேகம் ஆகியவற்றை எழுதிய ஒரு தாளை ஒப்படைக்க வேண்டும் என்று சேருங்கள். அதன் நகல் ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டப்பட வேண்டும், அடுத்து வருகிறவர் குருடன் யானையைத் தடவியதுபோல் தடவ வேண்டியிராது. சோதனைக்கும் ஒரு நிபந்தனை வையுங்கள். காலை பதினொரு மணிக்கு, மாணவர் எல்லாம் வகுப்புக்குப் போன காலிக் கட்டடத்தில் எந்த அமைப்பும் பறக்கும். இரவு ஒன்பதரைக்கு, மூலை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் படுத்தபடி கையில் செல்பேசியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட மேல், இரைச்சலுக்கு மேலே 25 டெசிபல், அந்த ரேடியோவின் சேனல் யுடிலைசேஷன் 50 விழுக்காட்டுக்குள். மூன்றும் வந்த பிறகே கடைசித் தவணைப் பணத்துக்குக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடங்களில் வயர்லெஸ் நெட்வொர்க் அமைக்கும் பொறியாளர்,
கோயம்புத்தூர்.